டார்வெல் வீட்டுப் பிள்ளை

பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாசனை என் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையின் ஓரமாக, எதிரே வரும் பஸ்களின் விளக்குக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தபடியே இரண்டு மூன்று தடவை அந்தக் கையை முகர்ந்து பார்த்துவிட்டேன். எனக்குப் பின்னால், கல்யாண மண்டபத்தில், பழைய கார் சங்கத்துக்காரர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். காலையிலிருந்து டீ தவிர வயிற்றில் எதுவும் இல்லை. இருந்தும் இலைக்கு முன் உட்காரத் தோன்றவில்லை. ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பதற்காக அங்கே போனேன். கேட்டாயிற்று. பதிலும் கிடைத்துவிட்டது.

என் நைனாவின் சொந்த ஊர் எது, அவரைப் பெற்றவர் யார் என்பதுதான் அந்த விஷயம். எங்கள் பக்கத்தில் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்தைத் தாண்டியவன் இதைக் கேட்டுக்கொண்டு அலைவது வேடிக்கையாகத் தோன்றலாம். செங்கல் சூளை, ஓட்டல், லாரியில் கிளீனர் வேலை, தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டும் வேலை என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தவரையில் எனக்கும் அது தேவைப்படவில்லை. போன வருஷம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரனைப் பார்க்க அவன் அக்கா தினமும் தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள். "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். திருத்தணி என்றேன். "அங்க யாரு கீறாங்க?" யாரும் இல்லை என்றேன். மறுநாளிலிருந்து என் டம்ளரில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள். அந்தக் கூடுதல் கஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான், யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ள ஓர் ஊரும் நாலு பேரும் வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது.

இப்போது மண்டபம் நிற்கிற இடத்தில் அன்று ஓர் அரிசி மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால், தவிட்டு மூட்டைகள் அடுக்கும் கொட்டகையை ஒட்டி, தகரம் போட்ட "ஷெட்டு". அந்த ஷெட்டில்தான் நான் வளர்ந்தேன். அம்மா அந்த மில்லில் நெல் புடைத்தவளாம். நான் நடக்கப் பழகுமுன்பே போய்விட்டாள். அவளுக்கு இருந்த ஒரே தம்பி ஆர்.கே.பேட்டையில் தறி போட்டுக்கொண்டிருந்து, பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு பிழைப்புத் தேடி வடக்கே போனவர், திரும்பவில்லை. ஆக ஷெட்டில் மூன்று பேர்: நைனா, நான், கார்.

கார் என்றால் இப்போது தெருவுக்கு நாலு நிற்கிறதே அந்த மாதிரி இல்லை. "டார்வெல்" என்று பெயர். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் செய்தது. யானைக் காது போல இரண்டு பக்கமும் விரிந்த மட்கார்டு, பக்கவாட்டில் கட்டிவைத்த உபரிச் சக்கரம், நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் பித்தளையில் ஒரு சின்னச் சக்கரம். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதை மில் முதலாளியின் அப்பா வாங்கினாராம். நைனா அதற்கு டிரைவர். ஓடாத நாட்களில் மெக்கானிக். அது ஓடாத நாட்கள்தான் அதிகம். ஷெட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும் இருந்ததால் அதில் நைனா படுத்துக்கொள்வார், எனக்குக் காரின் பின்சீட்டு. முதலாளி அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். "காலக் கழுவிட்டுப் படுறா, அவ்ளோதான்" என்பார். மழைக்காலத்தில் தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதவுகளைச் சாத்திக்கொண்டால், உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று தோன்றும். நைனா வெளியே ஆட்களோடு தமிழில் பேசுவார், அதுவும் கொஞ்சமாக. என்னோடும் காரோடும் தெலுங்குதான். காலையில் காரைக் கிளப்ப, கம்பியை அதன் மூக்கில் செருகிச் சுற்றும்போது, "லேம்மா, தல்லி, லே" என்று கெஞ்சுவார். எழுந்திரு தாயே என்று அர்த்தம். அதே வார்த்தையைத்தான் என்னை எழுப்பவும் சொல்வார் என்பதால், சில நாட்களில் கார் எழுந்துகொள்ளாமல் நான் மட்டும் எழுந்துகொள்வேன்.

ஷெட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட இரண்டு படங்கள் இருந்தன. ஒருவர் தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர். இன்னொருவர் மீசை மட்டும் வைத்தவர். இரண்டு பேர் நெற்றியிலும் கண்ணாடியின் மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும். கிழவர் தாமஸ் டார்வெல், வண்டிச் சக்கரம் செய்த தச்சர். மீசைக்காரர் அவர் மகன் ஆர்தர், முதல் காரைச் செய்தவர். முதலாளி ஒரு புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்துச் சட்டம் போட்டது. ஆயுத பூஜையன்று காருக்குப் பொட்டு வைத்துச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தபிறகு, "பெரியவங்களுக்கும் காட்டுப்பா" என்பார். நைனா கற்பூரத் தட்டைத் தாமஸுக்கும் ஆர்தருக்கும் காட்டுவார். மற்றப் பையன்களின் வீட்டில் செத்துப்போன தாத்தாக்களின் படங்கள் இதேபோலப் பொட்டோடு மாட்டியிருப்பதைப் பார்த்திருந்த நான், எங்கள் வீட்டுத் தாத்தாக்கள் இவர்கள்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை. பழைய படங்களில் எல்லோரும் வெளுத்துத்தான் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டு வாசலில் மூன்று நாற்காலிகள் போடப்படும். ஒன்று முதலாளிக்கு. இன்னொன்று அரக்கோணம் ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற போர்மேன் சாமுவேலுக்கு. மூன்றாவது பாஸ்கர் சாருக்கு. அப்போதுதான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒல்லியான வாலிபர், கார்ப் பைத்தியம், எப்போதும் கையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். மூன்று பேரும் காரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் பெயர். பேச்செல்லாம் டார்வெல் குடும்பத்தைப் பற்றி. ஆர்தருக்கு இரண்டு பிள்ளைகள், எட்வின், ஜார்ஜ். மூத்தவன் எட்வின் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். கம்பெனி சின்னவன் கைக்கு வந்தது. எட்வின் போனது எங்கே என்று யாருக்கும் தெரியாது. இது நடந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தும், ஏதோ பள்ளிப்பட்டில் போன வாரம் நடந்த பாகப்பிரிவினை போல அவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

"பெரிய பையன வெளிய அனுப்பிட்டுச் சின்னவன் பேருக்குக் கம்பெனிய எழுதுவானாய்யா ஒரு தகப்பன்?" என்பார் போர்மேன்.

"யாரு அனுப்னது? அவனாத்தான் போனான். நாலு சிலிண்டர் போதும்னாரு அப்பன், ஆறு வேணும்னான் இவன். பெத்தவன எதிர்த்துப் பேசிட்டு எந்த மூஞ்ச வெச்சிகினு ஊட்ல இருப்பான்?" என்பார் முதலாளி.

"இதோ நிக்குதே, இதுக்கு எத்தினி சிலிண்டரு? ஆறு தான?"

"அது சின்னவன் போட்டது."

"பெரியவன் வரஞ்சி வெச்சத சின்னவன் போட்டான்."

பாஸ்கர் சார் புத்தகத்தைப் பிரித்து, "இதுல அப்படி இல்லீங்களே" என்று ஆரம்பிப்பார்.

"உன் புஸ்தகத்த எழுதுனவன் சின்னவன் ஊட்டு ஆளா இருப்பான். நீ சும்மா இரு சார்" என்பார் போர்மேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார்.

முதலாளிக்கு இரண்டு பிள்ளைகள் இருந்ததும், மூத்தவன் மெட்ராஸில் தனியாகக் கடை வைத்துவிட்டதும் அந்தச் சண்டையின் சூட்டுக்குக் காரணமாக இருந்திருக்கலாம். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. எட்வினின் பெட்டியில் என்ன இருந்திருக்கும், அவன் எந்த ரயில் ஏறியிருப்பான் என்று பின்சீட்டில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பேன். சித்தப்பா மாதிரி ஆகியிருந்தான் அவன் எனக்கு.

இந்தப் பேச்சு நடக்கும் நேரமெல்லாம் நைனா காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். வாய் திறந்ததே இல்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் எட்வினைப் பற்றிப் பேசி அடங்கி வெற்றிலை மடிக்கும்போது, அடியிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பெரிய பையன அப்புறம் யாரும் தேடலீங்களா?"

முதலாளி வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோகாமல் போர்மேனைப் பார்த்தார். பாஸ்கர் சார் பக்கங்களைப் புரட்டினார். "தேடுனதா ஒண்ணும் போடலப்பா" என்றார்.

"ஆங்" என்றார் நைனா. ஸ்பானர் சத்தம் மறுபடி கேட்டது.

சுவரில் இருப்பவர்கள் எங்கள் தாத்தாக்கள் இல்லை என்று பள்ளிக்கூடம் போன பிறகு தெரிந்துகொண்டேன். அப்படியானால் நம்முடைய தாத்தா எங்கே என்று ஒரு நாள் நைனாவைக் கேட்டேன். "உன்னாரு. படுக்கோ" என்றார், இருக்கிறார், தூங்கு என்று. இருந்தார் என்று சொல்லவில்லை. அதற்குமேல் எப்போது கேட்டாலும், கேட்காதவர் போல பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நகரி, புத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் மில்லுக்கு நெல் கொண்டுவந்தால் மட்டும், ஏதாவது வேலை இருப்பதுபோல ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். இதிலிருந்து நான் கண்டுபிடித்தது, அந்தப் பக்கத்து ஆள் அவர் என்பது மட்டும்.

நான் ஏழாவது படிக்கும்போது நைனா மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு முதலாளியே என்னைக் கூட்டிக்கொண்டு நந்தியாற்றங்கரைக்குப் போனார். வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். ஐயர் தலையைத் தூக்காமல், "அப்பா பேர்?" என்றார். முனிரத்தினம் என்றேன். "தாத்தா பேர்?" என்றார். என் பின்னால் காத்துக்கொண்டிருந்தவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் கடகடவென்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்தர்" என்றேன்.

ஐயர் நிமிர்ந்தார். "அவருக்கு அப்பா?"

"தாமஸ்."

"வேதக்காரப் பசங்களா? இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவன் சொன்னதையே சொல்லுங்க சாமி" என்றார். முனிரத்தினத்துக்கும் ஆர்தருக்கும் தாமஸுக்கும் நான் தண்ணீர் விட்டேன். திரும்பி வரும் வழியில் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் போடப்பட்டபோது ஆற்றங்கரையில் நடந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

புது டிரைவர் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே காரை மெட்ராஸ்காரர் ஒருவருக்கு விற்றார்கள். லாரியில் ஏற்றிக் கட்டினார்கள். ஷெட்டில் தவிட்டு மூட்டை வந்தது. கயிற்றுக் கட்டில் எனக்குக் கிடைத்தது, ஆனால் அதில் தூக்கம் பிடிக்கவில்லை. ஆந்திரா போகும் ஒரு நெல் லாரியில் கிளீனராக ஏறினேன். பள்ளிக்கூடம் அதோடு சரி.

மண்டபத்துக்குப் போன அன்று காலைவரை அந்தக் காரை மறுபடி பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. திருப்பதியிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தில் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். திருத்தணியை நெருங்கும்போது பழைய கார்கள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போயின. நடுவில் அது போயிற்று. கறுப்பாக இருந்தது அடர்ந்த சிவப்பாகியிருந்தது, ஆனாலும் அந்த மூக்கை எனக்குத் தெரியாதா? முன்சீட்டில் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர் பாஸ்கர் சார். முதலாளியும் போர்மேனும் எப்போதோ போய்விட்டார்கள். நைனாவை அறிந்தவர் என்று இந்தப் பூமியில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான். இறங்கிவிட்டேன்.

சென்னையிலிருந்து வருஷா வருஷம் இப்படிக் கிளம்பி வருவார்களாம். இந்தத் தடவை மலைமேல் கார்களுக்குப் பூஜை போட்டுவிட்டு மண்டபத்தில் கூடியிருந்தார்கள். பாஸ்கர் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு டார்வெல் குடும்பத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். இங்கிலாந்துக்குப் போனபோது ஜார்ஜின் பேத்தியைப் பார்த்தாராம். அந்த அம்மாள் சொன்னாளாம், ஆர்தர் கிழவர் சாகிறவரை வருஷம் தவறாமல் துறைமுக ஊர்களுக்குப் போய்ப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி எட்வினைத் தேடினார் என்று. எட்வின் பேரை மாற்றிக்கொண்டிருந்தான். அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்றே எல்லாப் பட்டறையிலும் சொன்னார்களாம்.

"அப்ப நம்ம குரூப்புல ரெண்டு வருஷமா அந்தக் கெழவரத் திட்டிட்டு இருந்தது வேஸ்ட்டா சார்?" என்று ஓர் இளைஞன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நைனா காருக்கு அடியிலிருந்து கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. பதில் வரச் சுமார் நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு முடிந்ததும் போய் நின்றேன். "சார், மில்லு ஷெட்டுல இருந்தேனே. டிரைவர் முனிரத்தினம் புள்ள."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பின்சீட்டுல தூங்குவியே, நீயாடா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் என்னைக் காரிடம் அழைத்துப்போய்ப் படம் எடுத்தார்கள். மற்ற எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டுப் பின்சீட்டை மட்டும் பழைய தோலோடு விட்டிருந்தார்கள். அதில் கையை வைத்தேன். அந்த வாசனைதான் என் கையில் இருந்தது.

கூட்டம் விலகியபிறகு கேட்டேன். "நைனாவுக்கு எந்த ஊரு சார்? உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லி கீறாரா?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பொய்யாக யோசிக்கவில்லை. "தெரியலயேப்பா. கேட்டுக்கவே இல்ல நாங்க" என்றார்.

"பரவால்ல சார். நகரி, புத்தூர்னு போய் முனிரத்தினம்னு பேர் சொல்லி விசாரிச்சுப் பாக்கறேன்."

அவர் முகம் மாறியது. "அது அவர் பேர் இல்லப்பா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உங்க நைனாவுக்கு முன்னாடி ஒரு டிரைவர் இருந்தார். முனிரத்தினம்னு. அவர் போனதும் உங்க நைனா வந்து வேலை கேட்டார். பேர் இன்னான்னு முதலாளி கேட்டதுக்குச் சொல்லல. எந்தப் பேர் சொல்லிக் கூப்ட்டாலும் வரேன் சாமின்னாராம். முதலாளிக்குப் பழைய டிரைவர் பேர்தான் வாயில வந்துகினு இருந்துது. அப்படியே கூப்பிட்டார். இவரும் வந்தார். அதுவே நின்னுடுச்சு. நான் வரும்போது அவர் முனிரத்தினம்தான். முதலாளி ஒரு நாள் சிரிச்சிகினே சொன்னார், அதான் தெரியும்." பிறகு, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா" என்றார்.

வேறென்ன சொல்வார் அவர்? சாப்பிட்டுவிட்டுப் போ என்றார் அவரும்.

நடந்துகொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று ஆற்றில் நான் தண்ணீர் விட்ட மூன்று பேரில் ஒருவர்கூட என்னைச் சேர்ந்தவர் இல்லை. இது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை, தண்ணீர் யாருக்கானாலும் போய்ச் சேர்ந்திருக்கும். வேறொன்றுதான் என்னை விடவில்லை. நகரிப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், ஏதோ ஒரு வருஷம், நெல் வண்டியோடு வண்டியாக வந்து எங்கள் மில் வாசலில் இறங்கி, தன் பிள்ளையின் பேரைச் சொல்லி விசாரித்திருக்கலாம். அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்று வாசல்காரர் சொல்லியிருப்பார். உண்மையைத்தான் சொல்லியிருப்பார். நான் அப்போது பக்கத்திலேயே கோலி விளையாடிக்கொண்டு இருந்திருப்பேன்.

மில்லும் இல்லை, ஷெட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் போட்ட இடத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். நந்தியாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். டார்வெல் கம்பெனியும் எப்போதோ மூடிவிட்டதாம். அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை நான் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சாலையோரத்தில் ஒரு பஸ் நிழற்குடையில் படுத்தேன். விடிந்து, பனி விலகாத நேரத்தில், எதிர் டீக்கடையில் ஒரு மைக் செட் வண்டி வந்து நின்றது. வருஷக் கடைசியில் மலையில் நடக்கிற படித் திருவிழாவுக்குப் போகிற வண்டி. அதை நடத்துகிறவள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்; தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு டீயை ஊதிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"பெரியவரே, கம்பத்துல ஏறுவீங்களா?"

"முன்ன மாதிரி முடியாதும்மா."

"தெலுங்கு வருமா?"

வரும் என்றேன். பேசிக் காட்டச் சொன்னாள். பேசினேன்.

"இன்னா இது, தூங்கறவங்கள எழுப்பற மாதிரி பேசறீங்க" என்று சிரித்தாள். "போதும். கூட்டத்துல காணாமப் போறவங்க பாதிப் பேரு நகரி, சித்தூரு ஆளுங்க. நம்ம பசங்க தமிழ்ல கத்திகினு கீறானுங்க, அவங்களுக்கு எங்க புரியுது? திருவிழா முடியற வரைக்கும் சோறும் கூலியும் உண்டு. மைக்குகிட்டயே ஒக்காந்துக்கலாம்."

"பேரு தெரியாதவங்கள இன்னான்னு கூப்புடறது?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதவங்கதான் ஜாஸ்தி. கொழந்தைங்க, வயசானவங்க. போட்டுகினு கீற துணியச் சொல்லுங்க, பேசற பாஷையச் சொல்லுங்க. யாராச்சும் வந்து கையப் புடிக்கற வரைக்கும் சொல்லிகினே இருங்க."

சரி என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்பக்கம், ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.